நாற்பத்தெட்டு விநாடி

14

கோபம் வந்தால் அவள் கணவனை 'நீங்க' என்பாள்.

மற்ற நேரமெல்லாம் 'நீ'தான். குழுவில் அவன் டிராம்போன், அவள் சாக்ஸபோன். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஊதிப் பழகியவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வாயில் மரியாதை ஏறவில்லை. அவனுக்கு அப்போதே 'இழுவை' என்று பெயர். வாத்தியம் இழுத்து வாசிக்கிற வாத்தியம். ஆளும் ஒரு பதிலுக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்கிற ஆள்.

அன்று காலை டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "காபி ஆறுது. குடிங்க" என்றாள்.

இழுவை டம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குடிக்கவில்லை.

போன வாரம் அவன் பையில் அவள் கண்டெடுத்த காகிதம்தான் காரணம். ஏழு பேர் சேர்ந்து பதினொரு வருஷம் நடத்திய ராக் குழு அது. கித்தாரும் டிரம்ஸும் எல்லாக் குழுவிலும் உண்டு. இவர்களிடம் கூடவே மூன்று ஊதுவாத்தியங்கள் இருந்தன. ஊரெல்லாம் இவர்களை அடையாளம் கண்டது அந்த ஊதலால்தான். குழு கலைந்து பதினேழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கம்பெனிக்காரர்களுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, ஜனங்களுக்கு மிகவும் பிடித்த பன்னிரண்டு பாட்டுகளை ஒரே இசைத்தட்டில் கொண்டுவருகிறார்கள். ஊசி வைத்துக் கேட்கிற பெரிய கருப்புத் தட்டு. பாட்டு வரிசை போடும் பொறுப்பு இழுவைக்கு.

காகிதத்தில் இருந்தது அந்த வரிசைதான். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. அதற்கு எதிரே அவன் கையெழுத்தில் 'வானொலி வடிவம்' என்று இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அந்தப் பாட்டை முதன்முதலில் வானொலிக்குக் கொடுத்தபோது, நீளம் அதிகம் என்று நடுவிலிருந்து நாற்பத்தெட்டு விநாடியை எடுத்துவிட்டார்கள். அந்த நாற்பத்தெட்டு விநாடியும் அவள் சாக்ஸபோன். தனியாக. பன்னிரண்டு பாட்டிலும் அவள் தனியாக வாசிக்கிற இடம் அது ஒன்றுதான்.

"யார் எடுக்கச் சொன்னா? கம்பெனியா, நீங்களா?"

"எடுக்கணும்னு இல்ல..." என்றான். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. "பக்கம் கொள்ளல."

"என்னோடதுதான் கொள்ளலையா?"

இழுவை டம்ளரை ஒரு விரலால் நகர்த்தினான்.

"அவ பாட்டு அதே பக்கத்துலதானே இருக்கு? நாலாவது. அது முழுசா இருக்கு. அதுல ஒரு வரிகூட உங்களுக்கு அதிகமாப் படலையா?"

'அவ' யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. குழுவின் பாடகி. இவளுடைய தங்கை. பழைய அட்டைப் படங்களில் எல்லோருக்கும் முன்னால் நிற்பவள். அந்தப் படங்களில் அக்காவின் முகத்தைத் தேட வேண்டும். பாதியை சாக்ஸபோன் மறைத்திருக்கும், மீதியைத் தங்கையின் தலைமுடி.

பெரியவளுக்கு இப்போது கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. வருகிறவர்கள் முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டே, "மேடம், நீங்க அந்தப் பாடகிக்கு அக்காதானே?" என்று ஆரம்பிப்பார்கள். "பேசாம நேரா பாருங்க" என்பாள். சுவரிலிருக்கிற பெரிய எழுத்துகூடத் தெரியாதவர்களுக்கும் தங்கையை மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"தட்டு வெட்டுற இடத்துக்கு. பதினோரு மணிக்குத்தானே? கடையில லீவு சொல்லிட்டேன்."

இழுவை ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"சின்னவளும் வர்றா" என்றான்.

"தெரியும். அதனாலதான் வரேன்."

*

மூன்றாவது மாடி. தடித்த சுவர், தடித்த கதவு, தரை முழுக்கக் கம்பளம். கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். நடுவில் தட்டு வெட்டும் எந்திரம், பாட்டை ஊசியால் தட்டில் வரி வரியாகச் செதுக்குவது. பழுது பார்த்துப் பார்த்துப் பாதி புதிதாகிவிட்ட பழைய எந்திரம். அதன் சொந்தக்காரரை எல்லோரும் ஊசிக்காரர் என்பார்கள். குழுவின் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை வெட்டியவர்.

சின்னவள் முன்னமே வந்திருந்தாள். இருந்ததில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! முடி வெட்டிட்டியா? நல்லாருக்கு."

"வெட்டல. கொட்டிடுச்சு."

சின்னவள் சிரித்தாள். அவள் சிரித்தால் அறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஊசிக்காரர் திரும்பிப் பார்த்தார். இழுவை மட்டும் பார்க்கவில்லை. அதைப் பெரியவள் கவனித்தாள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அத்தான், இளைச்சிட்டீங்க. அக்கா சோறு போடறதில்லையா?"

"போடறேன். உங்க அத்தான்தான் பேப்பர்ல வரிசை போட்டே நாளைக் கழிக்கிறாரு."

சின்னவளின் பார்வை அக்காவிடமிருந்து அத்தானுக்குப் போய் மறுபடி அக்காவிடம் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். "நீ உட்காருக்கா."

"நான் நிப்பேன். நின்னே பழக்கம்."

நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஊசிக்காரர் கனைத்துக்கொண்டார். "கணக்கு இதுதாம்மா. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம். அதுக்கு மேல போனா வரியெல்லாம் நடுவட்டத்துல போய் நெருக்கியடிக்கும். நடுவுல ஊதுற சத்தம் நிக்காது. உங்க கடைசிப் பாட்டுல மூணு பேரும் உச்சத்துல ஊதறீங்க. அது கரகரன்னு ஆயிடும். கித்தார் மட்டும் இருக்கிற குழுன்னா எப்படியாவது சமாளிச்சிருப்பேன்."

"ஊதுறவங்களால வந்த வினை" என்றான் இழுவை.

யாரும் சிரிக்கவில்லை.

"நாற்பத்தெட்டு விநாடி போகணும். எதை எடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா வெட்டினது வெட்டினதுதான். அப்புறம் வந்து ஒட்டச் சொல்லாதீங்க." அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். "அதுக்கு முன்னால நாலாவது பாட்டுல ஒரு சந்தேகம். பழைய ஒலிநாடா கெட்டுப் போச்சு. தனித்தனியாப் பதிவு பண்ணதை எடுத்துப் புதுசா சேர்த்திருக்கேன். குரல்ல மட்டும் அங்கங்க ஏதோ சத்தம். துடைக்கட்டுமா சொல்லுங்க. குரலை மட்டும் போடறேன்."

நாலாவது பாட்டில் ஊதுபவர்களுக்கு வேலை இல்லை. பியானோவும் சின்னவளின் குரலும்தான். பெரியவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு பத்து நாள் ஊத முடியாமல் கிடந்தபோது பதிவு செய்தது. ஊதுபவர்கள் யாருமே அன்று போகவில்லை. இழுவையும் போகவில்லை. அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

குரலுக்கு முன்னால் மூச்சு வந்தது.

ஊதுபவர்கள் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நுழைவதில்லை. ஒருவர் மூச்சு எடுப்பார். மற்றவர்கள் அதோடு எடுப்பார்கள். மூன்று வாத்தியமும் ஒரே வாயாக விழுவது அப்படித்தான். இவர்கள் குழுவில் அந்த மூச்சை எடுத்துக் கொடுப்பது இழுவையின் வேலை. அவன் மூக்குத்தண்டு சற்றே வளைந்திருக்கும். காற்று உள்ளே போகும்போது கடைசியில் மெலிதாக ஒரு சீழ்க்கை கேட்கும். மேடையில் பதினொரு வருஷம் அவள் அதைக் கேட்டு வாத்தியத்தை வாயில் வைத்தாள். வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்கிறாள்.

இப்போது முதல் வரிக்கு முன்னால் இரண்டு மூச்சுகள் இருந்தன. ஒன்று சின்னவளுடையது. இன்னொன்று ஒரு முடி அளவு முந்தியது. கடைசியில் சீழ்க்கை.

இரண்டாவது வரிக்கு முன்னாலும் இருந்தது. மூன்றாவதுக்கும்.

"நிறுத்துங்க சார்" என்றாள். "மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார். மறுபடி இருந்தது.

அவள் கணவனிடம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க போகலைன்னு சொன்னீங்க."

ஊசிக்காரர் எழுந்து, "நான் கீழ போய் டீ சொல்லிட்டு..." என்றார்.

"இருங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடி மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"போனேன்" என்றான் இழுவை.

"எத்தனை வரிக்கு எடுத்தீங்க?"

"என்னது?"

"மூச்சு. எத்தனை வரிக்கு எடுத்துக் குடுத்தீங்க?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

"எல்லா வரிக்கும்."

"அக்கா" என்றாள் சின்னவள். "எனக்கு எண்ண வராதுக்கா. நீங்க மூணு பேரும் பின்னாடி நின்னா, அத்தான் மூச்சு எடுக்கிறது காதுல விழும். அதைப் பிடிச்சு நுழைஞ்சிடுவேன். எல்லாப் பாட்டும் அப்படித்தான் பாடினேன். அந்தப் பாட்டுல ஊதுறவங்களே இல்ல. பதினாலு தடவை எடுத்தோம். பதினாலு தடவையும் தப்பா நுழைஞ்சேன். பியானோக்காரன் மூடியைச் சாத்திட்டு வெளிய போயிட்டான். அழுதுகிட்டே போன் பண்ணேன்."

"எனக்கா?"

"அத்தானுக்கு."

"எனக்கு ஏன் பண்ணல?"

"நீ பல்லு பிடுங்கிட்டுப் படுத்திருந்தே."

"போன் எடுக்கப் பல்லு வேணாமே."

சின்னவளுக்கு முகம் சிவந்தது. "உன்கிட்ட சொன்னா நீ சொல்லிக் காட்டுவே. இத்தனை வருஷமாப் பாடறா, நாலு வரைக்கும் எண்ணத் தெரியலன்னு. சின்ன வயசுலேருந்து எதைத்தான் நீ சொல்லிக் காட்டல? நான்தான் அத்தானை வாயைத் திறக்காதீங்கன்னேன்."

பெரியவள் நம்பினாள். தங்கைக்கு எண்ண வராது என்பது இந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டவுடனே, இது தெரியாமல் எப்படி இருந்தோம் என்று தோன்றியது. வேறு ஏதாவது தப்பாக நடந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கலாம். இங்கே சண்டை போட எதுவும் இல்லை. பாட வராமல் அழுத ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்று ஒருவன் மூச்சு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் அவளைக் குடைந்தது. அந்த மூச்சு ஊதுபவர்களுக்கு உரியது. அவன் இடப்பக்கம் நிற்பவளுக்கு உரியது. அதை இன்னொருத்திக்கு, வரிக்கு வரி, ஒன்றுகூட விடாமல் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறான்.

ஊசிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, அந்தச் சத்தத்தைத் துடைச்சிடட்டுமா?"

"வேணாம்" என்றாள் சின்னவள்.

"வேணாம்" என்றான் இழுவை.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒரே வாயாக.

பெரியவள் இருவரையும் பார்த்தாள். பிறகு ஊசிக்காரரிடம், "இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணம் எவ்வளவு நேரம் சார்?" என்றாள்.

அவர் பார்த்துச் சொன்னார். "நாற்பத்தொன்பது விநாடி."

"அதை எடுத்துடுங்க. என்னோடதை வச்சிடுங்க."

இழுவை ஏதோ சொல்ல வந்தான்.

"நீங்க பேசாதீங்க."

"எடுத்துடுங்க சார்" என்றாள் சின்னவள் உடனே. "அக்காவோடது இருக்கட்டும். அதுதான் நியாயம்."

ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. பிடுங்கிக்கொள்ள வந்தவளுக்குத் தட்டில் வைத்து நீட்டினாள். விட்டுக்கொடுத்த பெருமையும் அவளுக்கே போய்விட்டது.

*

வெட்டும்போது யாரும் நடக்கக் கூடாது. தரை அதிர்ந்தால் வரி கோணிவிடும். அதனால் நான்கு பேரும் அவரவர் இடத்தில் இருபத்திரண்டு நிமிஷம் அசையாமல் நின்றார்கள்.

ஊசி இறங்கியது. பளபளக்கும் கருப்புப் பரப்பிலிருந்து தலைமுடி போல ஓர் இழை எழும்பிச் சுருண்டது. அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. பதினேழு வருஷத்துக்கு முந்தைய தங்கள் சத்தத்துக்கு நடுவே மூன்று பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

மூன்றாவது பாட்டு. பெரியவளின் இடம் வந்தது.

எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த நாற்பத்தெட்டு விநாடி. நன்றாகத்தான் இருந்தது. விரல் எங்கும் இடறவில்லை. ஆனால் இன்று அவள் காது வாசிப்பில் நிற்கவில்லை. வாசிப்புக்கு முன்னால் போய் நின்றது. அங்கே ஒரே ஒரு மூச்சு இருந்தது. அவளுடையது. கொஞ்சம் அவசரமாக, யாரும் எடுத்துக் கொடுக்காமல், தானாக.

மேடையில் அந்த இடம் வந்ததும் இழுவை டிராம்போனைக் கீழே வைப்பான். குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பான். எல்லா மேடையிலும் அப்படித்தான். அவளுடைய நாற்பத்தெட்டு விநாடி அவனுக்கு ஓய்வு.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் சுழலும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாவது பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதுக்காகச் சின்னவளின் உதடுகள் பிரிந்தன. தட்டு அதைத் தாண்டிப் பாட்டின் முடிவுக்குப் போயிற்று. சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயித்தது நான்தான் என்று பெரியவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அசையக் கூடாது என்பதால் அசையாமல் நின்றாள்.

*

வெட்டிய தட்டைப் பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்க இழுவையைக் கீழே அலுவலகத்துக்கு அழைத்துப் போனார் ஊசிக்காரர். கதவு சாத்திக்கொண்டது. அக்காவும் தங்கையும் மட்டும்.

"தட்டு வெளியிடற அன்னைக்கு மேடை இருக்குல்ல" என்றாள் சின்னவள். "அதுல அந்தப் பாட்டைக் கேக்கிறாங்க. முழுசா. ரெண்டாவது சரணத்தோட."

"பாடேன். யார் வேணாம்னா?"

"எப்படிப் பாடறது? பியானோ மட்டும் வச்சுக்கிட்டு என்னால நுழைய முடியாது. அத்தான் பக்கத்துல வந்து நின்னா பாடறேன். அதை அவர்கிட்டயே கேட்டுட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட கேக்கச் சொன்னாரு." சின்னவள் நேராகப் பார்த்தாள். "அதான் கேக்கறேன். வரட்டுமா?"

பெரியவள் கணக்குப் போட்டாள். வேண்டாம் என்றால், அக்காவால் அந்தப் பாட்டு மேடை ஏறவில்லை என்று ஆறு பேருக்கும் தெரியும். சரி என்றால், நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அவன் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்திலிருந்து ஆறு அடி நடந்து போய் அங்கே நிற்பான். அவள் கையில் வாத்தியத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அவர் வேணாம்" என்றாள். "நான் வந்து நிக்கிறேன்."

"நீயா?"

"ஏன்? நானும் ஊதுறவதானே? எனக்கும் எண்ணத் தெரியும். நான் எடுத்துக் குடுக்கிறேன்."

சின்னவள் அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரிக்கா. இப்பவே பார்த்துடலாம். ரெண்டாவது சரணம்" என்றாள். பிறகு மேடையில் நிற்பதுபோல முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியவள் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். மனதுக்குள் நான்கு எண்ணினாள். மூச்சை எடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

"எடுத்துட்டேன்" என்றாள்.

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் பாடல?"

"தெரியலக்கா. வரல. இன்னொரு தடவை எடு."

இந்த முறை ஆழமாக, சத்தம் கேட்கும்படி எடுத்தாள். பல வருஷமாக ஊதாத நெஞ்சு வலித்தது. சின்னவளின் தோள்கள் உயர்ந்தன. அவள் முயற்சி செய்கிறாள், நடிக்கவில்லை என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தோள்கள் தாழ்ந்தன. குரல் வரவில்லை.

"இரு. இன்னும் ஒரே தடவை" என்றாள் பெரியவள். சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது முறையாக அவள் மூச்சை இழுக்கும்போது தடித்த கதவு திறந்தது. மூன்று மாடி ஏறி வந்த இழுவை, கக்கத்தில் பெட்டியோடு நின்றான். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு ஒருத்தி. என்ன நடக்கிறது என்று கேட்பதற்காக அவன் மூச்சு எடுத்தான்.

கேள்வி அவன் வாயிலிருந்து வருவதற்குள், கண்ணைத் திறக்காமலே, துளியும் பிசகாமல், சின்னவள் பாட ஆரம்பித்தாள். தட்டில் இல்லாத அந்தச் சரணத்தை.

பெரியவள் எடுத்த மூச்சு உள்ளேயே நின்றது.